கொல்லை நடுவில் ஓர் எல்லை

அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு என்னிடம் நிறையப் பதில்கள் இருக்கின்றன. பயம், மரியாதை, அவசரம், வெயில். ஒவ்வொன்றும் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் காலையில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும்போது அது பொய் என்று எனக்கே தெரிந்துவிடும். சீப்பை அழுத்திவிடுவேன். அவள் கத்துவாள்.

நான் நில அளவையாளர். அளவையாளராக இருந்தேன் என்று எழுத வேண்டுமோ என்று இந்த வரியிலேயே தயக்கம். ஜவ்வாது மலையில் பிறந்து, விடுதிப் பள்ளியில் படித்து, கீழே இறங்கி சிவில் டிப்ளமோ முடித்தவள். வேலூரில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். திருமணமாகி வந்த ஊர் கண்ணமங்கலம். கணவர் டிராக்டர் பட்டறையில் மெக்கானிக். மகளுக்கு மூன்று வயது. நான் வேலைக்குப் போன நாட்களில் அவளை மாமியார் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டதை எனக்கு நினைவூட்டவும் அவர் மறந்ததில்லை.

எங்கள் நிறுவனத்தின் வேலை பெரும்பாலும் மனைப் பிரிவுகளை அளப்பது. விளைந்த நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, மஞ்சள் பூசிய கல் நட்டு, வாசலில் ஒரு வளைவு கட்டி, அதற்கு ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைப்பார்கள். அந்த நகரில் ஒரு நாய்கூடக் குடியிருக்காது. அதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. கோணம் தொண்ணூறு டிகிரி வந்தால் போதும்.

மலை வேலை எப்போதாவதுதான் வரும். போன வருடம் புளி உலுக்கி முடிந்திருந்த நேரத்தில் அப்படி ஒன்று வந்தது. கீழ்நாட்டு ஆள் ஒருவர் மலையில் தங்கும் விடுதி கட்ட ஒரு கொல்லையை, அதாவது மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தை, நீண்ட குத்தகைக்கு எடுக்கிறார், அதை அளந்து வரைபடம் தர வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதிப்பு. என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு மேடு தாண்டினால் அந்த ஊர். நான் பிறந்த மலைக்குக் கருவியோடு போகப்போகிறேன் என்று முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. இஸ்திரி போட்ட சட்டைக்குள் இருந்தது யார் என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது.

என்னோடு வந்தவர் எங்கள் சீனியர். வேலையில் கெட்டிக்காரர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்; வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கருவிக்குப் பின்னால் நின்று கண்ணை வைப்பது அவர். ஒவ்வொரு மூலையிலும் கருவி குறிபார்க்கிற பிரிசக் கண்ணாடி பொருத்திய கம்பியை நட்டுப் பிடிப்பது நான். அரசு வரைபடத்தில் காட்டியிருந்த எல்லைக் கற்களில் பாதியைக் காணவில்லை. வடக்குப் பக்கம் ஒன்றுகூட இல்லை. சீனியர் சுற்றிலும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் நீளமாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் குவியல் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கமே மூன்று புளிய மரங்கள்.

"இதான் மேடம் எல்லை. பாருங்க, காம்பவுண்டு மாதிரி எவ்ளோ நீட்டா போட்டுக்கீறாங்க உங்க ஆளுங்க. அது மேல ஏறி நில்லுங்க" என்றார்.

இந்தக் கல் குவியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே வயல்களில் உழும்போது அகப்படும் கல்லை வரப்பில் வீசுவார்கள். அதனால் கீழே தொழில் கற்றவருக்குக் கல் வரிசை என்றால் எல்லை. மலையில் அப்படியில்லை. எங்கள் கொல்லைகளில் நடுவில் எங்காவது ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஏர் ஓடாது. சாமை விதைக்க உழும்போது வருகிற கற்களையெல்லாம் பொறுக்கி அந்தப் பாறை மேல்தான் கொட்டுவோம். வீணாய்ப் போன இடம்தானே, எல்லாக் குப்பையும் அங்கேயே கிடக்கட்டும் என்று. வருஷா வருஷம் கொட்டிக் கொட்டி அது மதில் போல வளர்ந்துவிடும். மலையில் கல் குவியலைப் பார்த்தால், இது யாரோ ஒருவருடைய கொல்லையின் நடு என்று அர்த்தம். சின்ன வயதில் நானே எத்தனையோ முறை பாவாடையில் கல் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். விரல் நசுங்கிய தழும்புகூட இருக்கிறது.

ஆகவே அந்தக் குவியல் குத்தகைக்கு விடுகிறவரின் எல்லை இல்லை. அது பக்கத்துக் கொல்லைக்காரருடைய நிலத்தின் நடு. பார்த்த உடனே எனக்குத் தெரியும். தெரிந்த அடுத்த நொடியே சந்தேகமும் வந்தது. ஒருவேளை இந்த ஊரில் வேறு வழக்கமோ? ஒருவேளை இது நிஜமாகவே மதிலோ? பத்து வருடப் படிப்பு எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான்: எனக்குத் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரியாது என்று நம்ப வைத்தது.

குத்தகைக்கு விடுகிறவர் கொஞ்சம் தள்ளி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சீனியர் அவரைப் பார்த்து, "இதான?" என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். பக்கத்துக் கொல்லைக்காரர் ஊரில் இல்லை. வீட்டோடு கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். இல்லாதவனுடைய நிலத்துக்காக அந்தத் தலை வேறெப்படி ஆடும்?

நான் கையை உயர்த்தினேன். ஒரு நிமிடம் நிறுத்துங்கள் என்ற அர்த்தத்தில்தான்.

"இன்னா மேடம், பாப்பாகிட்ட இருந்து போனு வந்துச்சா? பேசிட்டு வாங்க, மலை எங்கியும் ஓடிடாது" என்று சீனியர் கத்தினார். பீடிக்காரர் சிரித்தார்.

அதற்கு முந்தின வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். அதிலிருந்து அலுவலகத்தில் இதுதான் நகைச்சுவை. மேடம் வேலைக்கு வருவது பாப்பாவின் கால்ஷீட்டைப் பார்த்துத்தான் என்று சீனியர் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நானும் சிரித்தேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

உயர்த்திய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். குவியல் மேல் ஏறினேன். கற்கள் காலடியில் ஆடின. கம்பியை நட்டேன். "ஓகே" என்றார் சீனியர். மூன்று இடத்தில் அப்படி நட்டேன், மூன்று முறை ஓகே. அவ்வளவுதான். மூன்று புளிய மரங்கள் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குப் போய்விட்டன. அலுவலகத்துக்கு வந்து படத்தை வரைந்ததும் நான்தான். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

அதன்பிறகுதான் மனை வியாபாரத்தில் மந்தம் வந்தது. புயல் மாதிரி ஒரே நாளில் வரவில்லை. முதலில் தரகர்கள் போன் செய்வது நின்றது. வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, "சார் அர்ஜெண்ட் சார், நாளைக்கே கல்லு நடணும்" என்று மேஜையைத் தட்டுகிறவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. நாங்கள் நட்ட மஞ்சள் கற்களின் மேல் பார்த்தீனியம் வளர்ந்தது. வளைவில் எழுதிய நகர்ப் பெயரில் எழுத்து உதிர்ந்தது. மனை விற்கவில்லை, வீடு கட்ட ஆளில்லை, அளக்க எங்களுக்கு எதுவுமில்லை.

சும்மா இருக்கிற பதினோரு பேர் சும்மா இல்லாதது போல நடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காலையில் வந்து கருவிகளைத் துடைப்போம். மத்தியானம் இன்னொரு முறை துடைப்போம். டிரைபாட்டின் கால்களைப் பிரித்துப் பார்த்து மறுபடி மூடுவோம். ஒருவர் பழைய படங்களைத் திறந்து கோட்டின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார். முதலாளி அறையைத் தாண்டும்போது எல்லோருடைய நடையிலும் ஒரு வேகம். முதலாளி இருமினால் நாலு பேர் தண்ணீர் கொண்டு போனார்கள். சீனியர் அவருடைய காருக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கிண்டல் செய்த வாய் அந்த நாட்களில் எவ்வளவு பணிவாக இருந்தது தெரியுமா! நான் மட்டும் என்ன? முதலாளி மகனின் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன், யாரும் கேட்காமலேயே.

முதலாளி வாரத்துக்கு ஒருமுறை எங்களை உட்கார வைத்துப் பேசுவார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம், கப்பல் ஆடினாலும் யாரையும் இறக்கிவிட மாட்டேன் என்பார். அந்த மாதம்தான் ஆட்களுக்குப் பதிலாக டிரோன் ஒன்று வாங்கினார். அதைப் பறக்க விடுவதற்குத் தன் மச்சானை வைத்தார். அந்த மச்சானுக்குக் கருவியின் மட்டம் காட்டும் நீர்க்குமிழை நடுவில் நிறுத்தக்கூடத் தெரியாது. டிரோனையும் முதல் வாரமே ஒரு தென்னை மரத்தில் மாட்டிவிட்டார். ஏறி எடுத்து வந்தவர் எங்களில் ஒருவர். அடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

அனுப்பிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வந்தன. ஐந்து வருடத்தில் அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் சமோசா. நான் கடித்து முடிப்பதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார்.

"மார்க்கெட்டு உங்களுக்கே தெரியும். நான் யாரையும் போன்னு சொல்ல மாட்டேன். அது என் பழக்கமில்ல. நீங்களா வுட்டுட்டுப் போற மாதிரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா உங்களுக்கும் கவுரவம், எனக்கும் மனசு கஷ்டமில்ல."

எங்கள் வேலை போவதில் அவருடைய மனசு கஷ்டப்படக் கூடாது. அதற்கும் நாங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஒருவர் மட்டும், "சார், இன்னொரு சமோசா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டார் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்று, சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்பது. மற்றொன்றை நான் இரண்டு முறை படித்தேன். 'நான் அளந்து வரைந்து கொடுத்த எல்லா நிலங்களின் அளவுகளும் சரியானவை. நானே நேரில் சரிபார்த்தேன். பிற்காலத்தில் ஏதேனும் குறை எழுந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு, நிறுவனம் பொறுப்பல்ல.' கீழே என் பெயருக்கு நேராக நான் வரைந்த படங்களின் பட்டியல். அதில் அந்த மலைக்கொல்லையும் இருந்தது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அனுபவச் சான்றிதழ்.

ஐந்து வருடம் சம்பாதித்துக் கொடுத்ததை வைத்துக்கொள்வார்கள். தப்பு இருந்தால் அது மட்டும் எங்களோடு வீட்டுக்கு வர வேண்டும். குடும்பம் என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

சீனியர் படிக்காமலேயே போட்டார். "கையெழுத்துதான மேடம் கேக்குறான், கிட்னியா கேக்குறான்? போட்டுட்டு வாங்க, பஸ்ஸ புடிக்கணும்."

"வீட்ல காட்டிட்டுத் தர்றேன்" என்று நான் அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன்.

"உங்க இஷ்டம் மேடம். பேப்பர் வந்தாத்தான் சர்டிபிகேட்டு" என்று அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளையும் அடுத்த மாதம் அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளே கொஞ்சம் இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் சொன்னபோது மாமியார் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாது, வேலைய வுட்டு நிறுத்திட்டானா? ஏன், அளக்கறதுக்கு பூமி தீந்துடுச்சா?"

"மந்தம் அத்தே. எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா, எம் புள்ள ஸ்பேனர புடிச்சிக்கினுதான கீறான். எவனும் நிறுத்தல. படிக்காதவனுக்கு வேல கீது, படிச்சவளுக்கு இல்ல. நல்லா கீது உங்க படிப்பு."

மகள் என் அளவு நாடாவை இழுத்துக் கொண்டுபோய்க் கோழியை அளந்துகொண்டிருந்தாள். கணவர் தாளைப் படித்தார், எண்ணெய்க் கை படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

"போட்டுக் குடுத்துட்டு வாயேன். இதெல்லாம் எவன் எடுத்துப் பாக்கப் போறான்?"

"அதுல ஒரு படம் தப்புங்க."

"தப்புனு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மட்டும்தான? அப்போ வுடு" என்றார். கெட்டவர் இல்லை. அவர் பட்டறையில் ஒரு நட்டு குறைந்தால்கூட டிராக்டரை வெளியே விட மாட்டார். ஆனால் என் வேலையை அவர் ஒருபோதும் நட்டும் போல்ட்டுமாக நினைத்ததில்லை. காகிதமாகத்தான் நினைத்திருக்கிறார்.

தாள் பீரோவில் போய் உட்கார்ந்தது. போடலாமா வேண்டாமா என்று நான் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். வேலை போனவர்கள் எல்லோரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். காலையில் ரோஜாப்பூவும் நல்வாக்கும் வரும். சீனியர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகி, எங்கள் ஒவ்வொருவருடைய சாவையும் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் சண்டை போடுகிறவர், இப்போது வீட்டுக் கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் வழி கேட்டு நின்றார். கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று மாலையில் எல்லோரும் எழுதுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அடுத்து ஒரு ரோஜாப்பூ வந்தது.

இந்தக் கார்த்திகையில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஆரணியில் ஒரு நிறுவனம் சாலை அளவைக்கு ஆள் எடுக்கிறது. பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். பேசிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அனுபவச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் புதிதாகப் படித்து முடித்தவளாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும், அதற்கு இப்போது இடமில்லை என்றும் சொன்னார்கள். சரி, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். போடுவதற்கு முன் ஒருமுறை அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள். அம்மாவைப் பார்க்கத்தான் போனேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு சந்தவாசல் வழியாகப் போளூர் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்தேன். வளைவுகளில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அம்மா வீட்டில் போய் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்டது.

"வாம்மா அளவக்காரி! மலைய அளந்து முடிச்சிட்டியா? பெருசாச்சா சிறுசாச்சா?"

அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரர். எனக்குச் சித்தப்பா முறை, என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர். கேரளாவிலிருந்து திரும்பி மாதங்கள் ஆகியிருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சுருட்டிய தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் வரைந்த படம்.

"ஓட்டல் கட்டப்போறவனோட ஆளு வந்துட்டுப் போனான். பக்கத்துக் கொல்லக்காரன் நானு, எனக்கு ஆட்சேபண ஒண்ணியும் இல்லன்னு கையெழுத்து வோணுமாம். நான் இன்னாத்த கண்டேன்? எம் மவதான் ஓரத்துல உம் பேரு கீதுன்னு படிச்சா. நம்ம பொண்ணு வரஞ்சதுக்கு அப்பால இன்னா பாக்கறது, போட்டுடலாம்னு இருந்தேன். பாத்தா நீயே பஸ்ஸ வுட்டு எறங்கற, பின்னாலயே வந்துட்டேன்."

தாளை வாசலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். மகள் அதன் மேல் உட்காரப் போனாள், இழுத்துப் பிடித்தேன்.

"எம் புளியமரம் மூணும் இதுல எங்க கீது, காட்டு."

நான் குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையில்லை. மரத்துக்கு ஒரு சின்ன வட்டம் போடுவோம். மூன்று வட்டங்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன, என் கையால் போட்டவை, அழகாக, ஒரே அளவில்.

"பாத்துச் சொல்றேன் சித்தப்பா" என்றேன்.

"பாத்துக்கினுதான கீற?"

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஆரணி பஸ் கண்ணில் வந்து போனது.

"கையெழுத்துப் போடாதீங்க சித்தப்பா."

"ஏன்?"

"அளவு தப்பு. உங்க கொல்ல நடுவுல கீற கல் குவியல எல்லையா புடிச்சிட்டாங்க. மரம் மூணும் அந்தாண்ட போயிடுச்சி."

"எவன் அந்த மட்டி? கல்லு கொட்டற பாறைய எல்லன்னு சொன்னவன் எவன்?"

"சொன்னது எங்க சீனியரு. கம்பிய நட்டது நான்தான். வரஞ்சதும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"நீ இந்த மலையில பொறந்தவதான?"

"ஆமா."

"கல்லு எங்க கொட்டுவோம்னு தெரியுமில்ல?"

"தெரியும். சீனியரு சொன்னாருன்னு..."

"அவரு சொன்னாருன்னு! நாளைக்கு எம் பொண்டாட்டிய இன்னொருத்தன் பொண்டாட்டின்னு சொன்னாருன்னா அதியும் வரஞ்சி வட்டம் போடுவியா?"

அம்மா, "ஏம்ப்பா, வந்த புள்ளய..." என்றாள். அவர் கையை வீசினார். கோபத்தைவிட அவர் குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமானது. முதலாளியைப் பற்றியும் சீனியரைப் பற்றியும் நான் மனதுக்குள் பேசும் குரல் அது. அதை வெளியிலிருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. கேட்கத் தகுந்ததாகவே இருந்தது.

தாளைச் சுருட்டினார். யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் மாட்டேன்னா, படிக்காதவன் மொரண்டு புடிக்கறான்னுவான். படத்துல இப்பிடித்தான் கீதுன்னுவான். கொல்லைய குத்தகைக்கு வுட்டவனும் அவனுக்கு ஒத்துதான் பாடுவான். நீ எழுதிக் குடு. இது தப்பு, அளந்தவ நானே சொல்றேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. அடுத்த வாரம் எடுத்து வெச்ச புளிய விக்கக் கீழ வர்றேன். உன் வூட்டுக்கே வந்து வாங்கிக்கிறேன்."

"எழுதிக் குடுத்தா எனக்கு வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு மட்டும் இன்னா, கவர்மெண்டு உத்தியோகமா? அந்த மூணு மரம்தான் எங்களுக்கு ஆறு மாசக் கஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். இப்போது நான் எழுத வேண்டியது ஒரு கடிதம், கையெழுத்துப் போட வேண்டியது ஒரு தாள். இரண்டிலும் என் பெயர் இருக்கும். ஒன்றில் அளவு சரி என்று நான் உறுதி சொல்ல வேண்டும், மற்றொன்றில் அதே அளவு தப்பு என்று. இரண்டையும் செய்ய முடியாது என்று தெரிந்தும், முடியுமா என்று மூன்று நாள் யோசித்தேன். முதலில் சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு கடிதத்தைக் கொடுத்தால் என்ன என்றுகூடப் போனது புத்தி. விடுதி கட்டுகிறவருக்கும் இந்த மந்தத்தில் பணம் முடங்கிக் கிடக்கிறதாம், அதனால்தான் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. எனவே மந்தம் இன்னும் ஒரு வருடம் நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊரில் எத்தனை பேர் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார்கள்! எனக்கு ஒரு கடிதம் எழுதத் தைரியம் இல்லை என்பதற்காக அவர்கள் எல்லோரும் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலாளியைப் பற்றி இனிமேல் நான் எந்த வாயால் பேசுவது?

கடிதத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். முதலாவதில் 'பிழை நேர்ந்திருக்கலாம்' என்று வந்தது. இரண்டாவதில் சீனியர் சொன்னதால் என்று நாலு இடத்தில் வந்தது. மூன்றாவது பரவாயில்லை, ஆனால் யார் நட்டார்கள் என்பதே அதில் இல்லை. கம்பி தானே போய் நின்றுகொண்டது போல இருந்தது. நான்காவதில் உண்மையை எழுதினேன். படித்துப் பார்த்த கணவர், "இதக் குடுத்தா உன்மேல கேஸ் போடுவானா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்போ கேட்டுட்டுக் குடு" என்றார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் நில அளவையாளர்கள் இருந்தால், அல்லது இப்படி ஒரு தாளை நீட்டியபோது கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இருந்தால், சொல்லுங்கள். தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த பிறகும் அனுபவச் சான்றிதழ் வாங்க வழி உண்டா? அது என் உரிமையா, அவர்கள் போடும் பிச்சையா? சான்றிதழ் கிடைக்காது என்றால், ஆரணி நிறுவனத்திடம் நடந்ததை அப்படியே சொல்லலாமா, சொன்னால் எந்த நிறுவனமாவது ஆளை வைத்துக்கொள்ளுமா? கடிதத்தைச் சித்தப்பாவிடம் மட்டும் கொடுத்தால் போதுமா, அளவைத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டுமா? பயப்படாதே என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எங்கள் குழுவில் தினமும் ரோஜாப்பூவோடு அனுப்புகிறார்கள். என்ன வாசகம் எழுத வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சித்தப்பா வியாழக்கிழமை வருகிறார்.